மேசைக்கு அந்தப் பக்கம்

சேந்தன் வந்த கோலத்தைப் பார்த்ததுமே பேராசிரியர் கோதைநாயகி தேநீருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கூட்டி வைத்தார்.

"யாரை அழ வைத்துவிட்டு வந்தாய்?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி அம்மா தெரியும்?"

"நீ அழுதிருந்தால் போனிலேயே சொல்லியிருப்பாயே."

புதுச்சேரியில் அவர் காலமெல்லாம் நடத்திய நவீன ஜப்பான் வரலாற்று வகுப்பு அவர் ஓய்வு பெற்றதும் இந்த ஆண்டுதான் பழைய மாணவன் சேந்தன் கைக்கு வந்திருந்தது. ஆண்டுதோறும் அந்த வகுப்பில் ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தை நடக்கும். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பெயர்ப்பலகையை முன்னால் வைத்துக்கொண்டு பழைய வழக்குகளைப் பேசுவார்கள். இம்முறை ஜப்பானிலிருந்து ஹரூகாவும் கொரியாவிலிருந்து மின்ஜேயும் படிக்க வந்திருந்தார்கள். சேந்தன் யோசிக்கவே இல்லை. அவரவர் நாட்டை அவரவருக்கே கொடுத்து எதிரெதிரே உட்கார வைத்துவிட்டான். பேச வேண்டிய வழக்கு, ஜப்பான் கொரியாவைப் பிடித்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டது.

"எங்கள் நாட்டுக்குள் ஏன் வந்தீர்கள்?" என்று மின்ஜே மேசையைத் தட்டியிருக்கிறான். ஹரூகா கண்ணீரோடு எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனவள்தான். பாடத்தையே விட்டுவிடுகிறேன் என்கிறாள். அதற்கு நாளை கடைசி நாள்.

"அவளை எப்படி அம்மா நிறுத்துவது?"

கோதைநாயகி தேநீரை அவன் முன் வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ ஜப்பான். நான் கொரியா. சொல்லு, எங்கள் நாட்டுக்குள் ஏன் வந்தீர்கள்?"

சேந்தன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"ரஷ்யா வந்துவிடுமோ என்று பயம்."

"ரஷ்யாமேல் பயம் என்றால் ரஷ்யா வீட்டுக்கல்லவா போயிருக்க வேண்டும்?"

"ஒப்பந்தம் போட்டுத்தானே..."

"வாசலில் சிப்பாயை நிறுத்திக் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பேர் ஒப்பந்தமா?"

"ரயில் போட்டோம். பள்ளிக்கூடம் கட்டினோம்."

"அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை பேரையே ஜப்பான் பேராக மாற்றினீர்களே, அது எதற்கு?"

சேந்தனுக்குக் காது மடல் சுட்டது. வகுப்பில் தானே கிழித்துப் போடும் வாதங்களைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான்.

"கேட்கிறேன் இல்லையா? ஏன் வந்தீர்கள்?"

"அம்மா, நான் அப்போது பிறக்கவே இல்லை!"

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"தேநீரைக் குடி, ஆறுகிறது," என்றார் கோதைநாயகி. "உனக்கு நாற்பது வயது. சம்பளமும் வாங்குகிறாய். உனக்கே இப்படி வேர்க்கிறது."

அவர் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். அவன் தோளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது இருவருக்கும் எதிரே சுவரில் கிழக்காசிய வரைபடம் மட்டும் தொங்கியது.

"கொரியாவுக்குள் ஏன் போனார்கள் சேந்தா?"

ரஷ்யா என்று வாய்வரை வந்தது. சொல்லத் தோன்றவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயம் என்று சொல்லிக்கொண்டார்கள் அம்மா. ஆசைதான் அதிகம்."

"ம்."

"ஆனால் மின்ஜே? அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறதே."

"இல்லை என்று யார் சொன்னது? இந்தப் பக்கம் வந்து கேட்டேனே, கேள்வியைக் குறைத்தா கேட்டேன்?"

சேந்தன் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

"இப்போதே போய் ஹரூகாவைக் கூப்பிடுகிறேன். வருவாளா அம்மா?"

"முதலில் வகுப்புக்குப் போய் அந்த மேசையை நகர்த்து. கூப்பிடுவது அப்புறம்."