கரையில்லாத வேட்டி

நடுநிலை என்ற சொல்லுக்கு அகராதிகள் பல பொருள் தருகின்றன. நகராட்சித் தலைவர் தணிகாசலம் அறிந்த பொருள் ஒன்றுதான்: தன்னைத் திட்டாதது. ஒருநாள் அவர் நகராட்சிப் படிப்பகத்துக்கு வந்து, அங்கே தற்காலிக ஊழியராக இருந்த மரியபுஷ்பத்திடம், "நாளைக்கு நான் வரும்போது மேஜையில நடுநிலையான பத்திரிகை மட்டும்தான் இருக்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது" என்றார்.

மறுநாள் தலைவர் வந்தபோது மேஜை காலியாக இருந்தது. பத்திரிகைகளெல்லாம் கட்டாக மூலையில் கிடந்தன. படிக்க வந்தவர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"எனக்குப் பிரிக்கத் தெரியலைங்கய்யா. எந்தப் பக்கமும் சாயாத ஒருத்தர்தான் பிரிக்கணும்" என்றாள் மரியபுஷ்பம்.

"அதுக்குத்தான் நான் இருக்கேனே. நான் எல்லாருக்கும் பொதுவான ஆளு."

அவள் கரையில்லாத வெள்ளை வேட்டி ஒன்றை நீட்டினாள். "அப்ப இதைக் கட்டிக்கிட்டுப் பிரிங்கய்யா. கட்சிக் கரையோட உட்கார்ந்து பிரிச்சா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

தலைவர் தம் வேட்டியின் கரையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"என்னம்மா நீ, தேர்தல் நேரத்துல. கரையில்லாம என்னைப் பார்த்தா, கட்சி மாறிட்டேன்னு பத்திரிகையில போட்டுடுவான்."

"எந்தப் பத்திரிகைங்கய்யா? அதை மட்டும் எடுத்துடறேன்."

"எந்தப் பத்திரிகையா? எதிர்க்கட்சிப் பத்திரிகை, நம்ம கட்சிப் பத்திரிகை, ஒண்ணு விடாம எல்லாத்துலயும் வரும்."

"அப்ப எல்லாமே நடுநிலைதாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அவள் கட்டை அவிழ்த்து அத்தனையையும் மேஜையில் பரப்பினாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தபடியால், அவள் வேலையைப் பற்றித் தலைவர் பிறகு பேச்செடுக்கவில்லை.