பாதிச் சாப்பாட்டில் எழுந்த நரி

முகத்துவாரத்தின் ஓரத்தில் கூழைக்கடாப் பறவை ஒன்று சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. கடலைப் பார்த்தபடி ஒரே ஒரு பலகை. ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் இலை. காட்டிலுள்ள எல்லோருக்கும் முறை வைத்திருந்தது.

பக்கத்துச் சவுக்குத் தோப்பில் இருந்த நரிக்கு முறை வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் அது பட்ட பாடு கொஞ்சமா! தினமும் உச்சி வெயிலில் மீன் வறுபடும் வாசனை தோப்புக்குள் வரும். நரி கண்ணை மூடிக்கொண்டு ஏங்கும். யாரும் விரட்டாமல், அலையைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அதன் ஆசை. பிறந்தது முதல் ஓடிக்கொண்டே தின்ற ஜீவன், பாவம்.

அந்த நாளும் வந்தது. நரி மீசையைத் தடவிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தது.

"ஒவ்வொண்ணாத்தான் வரும், தம்பி! அவசரப்படக் கூடாது. பாதியில எழுந்தா இலையை மடக்கிடுவேன்!" என்றது கூழைக்கடா.

"எழுந்திருக்கிறதா? நானா? அலையே வந்து இழுத்தாலும் நகர மாட்டேன், அக்கா!"

முதலில் நண்டு ரசம் வந்தது. பிறகு சுறாப் புட்டு. ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நரி கடலைப் பார்த்தது. சந்தோஷத்தில் அதற்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பில் வஞ்சிரம் சொய்யென்று வறுபட்டது.

மேலே தென்னை மட்டையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதன் முறைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

"அண்ணே! சவுக்குத் தோப்புல கருவாட்டு வாசனை தூக்குதே! யாரோ புதைச்சு வச்சிருக்காங்க போல!"

நரிக்குப் பகீரென்றது. அதைப் புதைத்து வைத்ததே நரிதான்! அப்புறம் புட்டும் ருசிக்கவில்லை, கடலும் தெரியவில்லை.

"இதோ வந்துடறேன், அக்கா!" என்று எழுந்து ஒரே ஓட்டமாக ஓடியது. மண்ணைப் பறித்துப் பார்த்தது. கருவாடு வைத்தது வைத்தபடியே இருந்தது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், அதன் இலை மடங்கிக் கிடந்தது. பக்கத்தில் புது இலை போட்டு, காகம் வஞ்சிரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அக்கா! அது என் மீன்!"

"நீதான் எழுந்துட்டியே, தம்பி! சூட்டோட சாப்பிட ஆள் வேணுமில்ல? இனிமே உன் முறை வர அஞ்சு மாசம் ஆகும்."

"கருவாடு பத்திரமா இருக்கா, அண்ணே?" என்று வாய் நிறைய மீனோடு கேட்டது காகம்.

நரி தோப்புக்கு நடந்தது. கருவாட்டை எடுத்துக் கடித்தது. ஒரே உப்பு. கடற்காற்று வஞ்சிர வாசனையை அன்றும் கொண்டுவந்தது. நரி கண்ணை மூடிக்கொண்டது.

ஏங்கிப் பெற்ற இன்பத்தின் நடுவே எழுந்து பழைய கவலைக்குக் காவல் போகிறவனுக்குக் கடைசியில் ஏக்கம்தான் மிஞ்சும்.