ஆப்பிரிக்க வௌவாலுக்கு நாங்கள் வைத்த புள்ளி

எங்கள் அருங்காட்சியகத்தில் முட்டாள்கள் மூன்று பேர். பிச்சாண்டி, அருளப்பன், அப்புறம் நான். எங்களில் யார் பெரிய முட்டாள் என்று அடிக்கடி பேசிப் பார்ப்போம். அதைக் கண்டுபிடிக்கவும் எங்களுக்கு அறிவு போதவில்லை.

வேறு ஆள் கிடைக்காததால் பேராசிரியர் ஞானசிகாமணி எங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். ஒரு வௌவால் இனம் அங்கே எங்கெங்கே வாழ்கிறது என்று அவருக்கு வரைபடம் வேண்டும்.

"வாலு, ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கிற தோலைத் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டிருந்தா அதுதான். ஒண்ணைப் பிடிச்சுக் கையில வச்சுக்குங்க. பார்த்த இடத்துலெல்லாம் புள்ளி வைங்க. இந்தத் தடவையும் சொதப்பினா மூணு பேருக்கும் வேலை கிடையாது" என்றார்.

அருளப்பனுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

தான்சானியாவில் ஒரு பள்ளிக்கூடத்துத் தகரக் கூரைக்கடியில் ஒன்று அகப்பட்டது. கூடைக்குள் அது தலைகீழாகத் தொங்கியதும் சிக்கல் வந்துவிட்டது.

"மேலே இருக்கிறது எப்படிப்பா வாலாகும்? கொண்டையா இருக்கும்" என்றான் அருளப்பன்.

"அது இருக்கிற மாதிரி நாமும் இருந்து பார்க்கிறதுதான் நியாயம்" என்றான் பிச்சாண்டி.

அருளப்பனின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினோம். முகம் சிவக்கச் சிவக்கப் பார்த்துவிட்டு, வால்தான் என்று உறுதி சொன்னான். வகைப்பாடு முடிந்தது.

அப்புறம் கூடையோடு ஊர் ஊராகப் போனோம். இறங்கிய இடத்திலெல்லாம் கூடையைத் திறந்து பார்ப்போம். வௌவால் இருக்கும். புள்ளி வைப்போம். சந்தையில் இருந்தது. பேருந்தில் இருந்தது. ஏரி நடுவே படகில்கூட இருந்தது. இவ்வளவு பரவலான இனத்தை நாங்கள் கண்டதே இல்லை. பெருமையாக இருந்தது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கூடையில் என்ன என்று கேட்டார். வௌவால் என்றோம். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். அங்கேயும் ஒரு புள்ளி.

ஊர் திரும்பியதும் பேராசிரியர் படத்தைப் பார்த்தார். கூடையைத் திறந்து பார்த்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அடப்பாவிகளா, இத்தனை புள்ளியும் இந்த ஒரே வௌவாலா? அது இல்லாத இடத்துப் புள்ளியையெல்லாம் அழிங்கடா."

அழித்தோம். பள்ளிக்கூடத்துப் புள்ளி மட்டும் மிஞ்சியது.

"அங்கேயிருந்துதான் தூக்கிட்டு வந்துட்டோமே. இப்போ அங்கே ஏது?" என்றான் பிச்சாண்டி.

நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதையும் அழித்தோம். ஆப்பிரிக்கா சுத்தமாகிவிட்டது.

ஆனால் புள்ளியே இல்லாத படத்தைக் கொடுத்தால் வேலை போய்விடுமே. வௌவால் இப்போது எங்கே என்று தேடினோம். திறந்த கூடையிலிருந்து ஏறி, பேராசிரியரின் சட்டைக் காலரில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தை எப்படித் திருப்பிப் பார்த்தும் அதில் பேராசிரியரைக் காணோம்.

அருளப்பன் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போனான்.

"கொஞ்சம் அசையாம இருங்க சார்."