குழலுக்குள் குற்றாலம்

பாளையங்கோட்டையில் எபனேசரின் துப்பாக்கிப் பட்டறைக்குள் மாசிலாமணி காலை வைத்ததுமே இன்றைக்கு வந்த வேலை நடந்தமாதிரிதான் என்று மரகதவல்லி நினைத்துக்கொண்டாள். அவர் அவளுடைய அக்கா புருஷன். நாலு வார்த்தை பேசினால் அதில் அஞ்சு புளுகு.

மரகதம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். குறி தப்பாத கைதான். ஆனால் அவளுடைய ஒற்றைக்குண்டு ரைபிளின் குழல் தேய்ந்துபோனதில், ரெண்டு வருஷமாக மாநிலப் போட்டியை ஒரே ஒரு புள்ளியில் கோட்டை விட்டிருந்தாள். வரும் ஞாயிறு திருச்சியில் மறுபடி அதே போட்டி. இதிலும் தோற்றால் ரைபிள் கிளப்பில் அவள் இடம் இன்னொருத்திக்குப் போய்விடும்.

எபனேசர் மேசைமேல் ரெண்டு புதுக் குழல்களை வைத்தார். ஒன்று எவர்சில்வர் சொம்பு மாதிரி மின்னியது. மற்றது மங்கலான சாம்பல். மின்னுவதைத்தான் எடுக்கணும் என்று மாசிலாமணி தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அடுத்தவர் கடையில் வைத்து அத்தான் பேச்சை எப்படித் தட்டுவது? மரகதம் தலையை ஆட்டிக்கொண்டே சாம்பல் குழலை எடுத்தாள். எபனேசர் கொடுத்த ஈயக் குண்டை உள்ளே விட்டுக் கம்பியால் மெதுவாகத் தள்ளினாள். முனைக்கு முனை ஒரே இறுக்கமாகப் போனது; நல்ல குழலுக்கு அதுதான் அடையாளம். அவளுக்கு மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது.

மாசிலாமணி விடவில்லை. வாலிபத்தில் தாம் தேர்ந்தெடுத்த ஒரு குழல் அவ்வளவு நேராம். தென்காசிக்குத் தண்டவாளம் போட்டவர்கள் அதை இரவல் வாங்கி, அதைப் பார்த்துத்தான் கோடு கிழித்தார்களாம்.

"தண்டவாளம் போட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே, அண்ணாச்சி" என்றார் எபனேசர்.

அது பழுது பார்த்தபோது என்று மாசிலாமணி திருத்திக்கொண்டார். அதோடு நின்றாரா? அதே குழலில் பாவூர்சத்திரத்தில் சுட்ட குண்டு, வழியில் ரயில்வே கேட் போட்டிருக்கவே, அந்தரத்தில் நின்று, ரயில் போனபிறகு போய்க் குறியில் பட்டதாம்.

"பாசஞ்சரா?" என்று எபனேசர் முகத்தை மாற்றாமல் கேட்டார்.

"சரக்கு வண்டி. அம்பத்தெட்டுப் பெட்டி. குண்டு ஆறிப்போச்சு, பாத்துக்கிடும்."

மரகதத்துக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவரோ மின்னும் குழலைத் தூக்கி, மேற்கே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். குற்றாலம் பெரியருவி தெரிகிறது என்றார். அங்கே தன் சம்பந்தி குளிக்கிறார் என்றார். இடது காதில் இன்னும் சோப்பு போகவில்லை என்றார்.

எபனேசர் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, அந்த முனையில கிரீஸ் துணி அடச்சது அடச்சபடி இருக்கு. நான் இன்னும் எடுக்கலை."

மாசிலாமணி கண்ணை எடுக்கவேயில்லை. "அதானே பாத்தேன். சம்பந்தி முகம் ஏன் கொஞ்சம் மங்கலா தெரியுதுன்னு."

எபனேசர் குழலை வாங்கித் துணியை உருவிப் போட்டார். மரகதம் அதிலும் ஈயக் குண்டைத் தள்ளிப் பார்த்தாள். பாதி வழியில் பிடிமானம் விட்டு, குண்டு தொளதொளவென்று நழுவிக் கீழே விழுந்து உருண்டது. இதில் சுட்டால் அந்த ஒரு புள்ளி எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாம்பல் குழலை எபனேசர் பக்கம் நகர்த்தி, இதையே மாட்டிவிடுங்கள் என்றாள்.

மாசிலாமணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எப்படியும் ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குத் துணைக்கு வருவேன், பக்கத்தில் நின்று யோசனை சொல்வேன் என்றார்.

"எதுக்கு அத்தான் அலைச்சல்?" என்றாள் மரகதம். "ஞாயித்துக்கிழமை இங்க வந்து அந்த மின்னுற குழல் வழியா பாத்துக்கிடுங்க. துணியை வேணா எபனேசர் அண்ணன் திரும்ப அடச்சுத் தருவாக."