பலகைகளுக்கு நடுவே நான்கு பொத்தான்கள்

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் மட்டுமல்ல, சர்க்யூட் பலகையும் கம்பியும்கூடப் பேசின. பேசாத நேரத்தில் சண்டை போட்டன.

கடற்கரை ஊர் ஒன்றில் ஜெபமலர் என்று ஒருத்தி இருந்தாள். கடலுக்குப் போகிறவர்களுக்காக அவள் ஒரு பெட்டி செய்திருந்தாள். அதற்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பலகைகள். காற்று மாறுவதைக் கீழ்ப்பலகை கண்டுபிடிக்கும்; அது சொன்னதும் மேல்பலகை உடனே ஊதும். ஊதல் கேட்டதும் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பிவிடலாம்.

இரண்டையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால், உப்புக்காற்றில் ஒன்று கெட்டதும் மற்றதையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியிருந்தது. அவ்வளவுக்கு அவளுக்கு வசதி இல்லை. அதனால் கழற்றி மாட்டும்படி, கீழ்ப்பலகையின் சேதியை மேலே கடத்த நடுவில் பித்தளை ஊசிகளை நிறுத்தினாள். அந்த ஊசிகளுக்கோ வீம்பு அதிகம். யாருக்காகவும் மயிரிழைகூட அசைந்து கொடுக்காது. வள்ளம் ஆடிப் பலகை லேசாக விலகினாலே தொடர்பு விட்டுப்போகும்.

அப்படித்தான் ஒரு நாள் அவள் தம்பி சேசடிமை பாய் கிழிந்து, பாதி உயிராகக் கரை சேர்ந்தான்.

"அக்கா, வள்ளம் ஆடுனா ஒம் பெட்டி ஊமையாப் போவுது" என்றான்.

விடிந்தால் அதே பெட்டியோடு மறுபடியும் கடலுக்குப் போவான். ஜெபமலர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டறைக்குப் போனாள்.

பட்டறை மூலையில் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்று துள்ளிக்கொண்டு கிடந்தது. ஓர் இடத்தில் அடங்கி உட்காராது என்று யாரும் அதை வேலைக்குச் சேர்த்துக்கொள்வதில்லை. இதாவது எழும்பி எழும்பித் தொடுமே என்று அவளுக்குத் தோன்றியது. சுருளில் ஒரு துண்டை நறுக்கிச் சின்னக் குழாய்க்குள் இறக்கி, அதன் மேல் ஊசியை உட்காரவைத்தாள். களிம்பு ஏறாமல் இருக்கத் தங்கத்தைக் கூப்பிட்டாள். வந்தால் ஊசியின் தலையில்தான் உட்காருவேன் என்று தங்கம் பிகு பண்ணியது. தலை நுனிக்கு மேல் வாங்க எனக்கும் வக்கில்லை என்று இவள் சிரித்தாள். இரண்டு பேருக்கும் கட்டுப்படியானது.

இப்படியே எல்லா ஊசிகளையும் செய்து, மேல்பலகையை வைத்துத் திருகாணிகளை முறுக்கினாள். தம்பி உயிர் அல்லவா? இறுக்க இறுக்க நல்லது என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கினாள். உள்ளேயிருந்து சுருள் முனகியது.

"மூச்சு முட்டுது தாயி. முழுசா அமுக்கிட்டா நான் எங்கன எழும்ப? கொஞ்சம் எடம் விடு. பலகை விலகினாலும் எட்டித் தொடுதேன்."

ஜெபமலருக்கு மனம் ஒப்பவில்லை. பலகை விலகியதால்தானே இவ்வளவும் வந்தது? ஆனாலும் வீம்பு பிடித்த ஊசிகளை நம்பிப் பட்டபாடு போதும் என்றிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். கொடியில் தம்பியின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கத்தரியை எடுத்து நான்கு பொத்தான்களை வெட்டி, மூலைக்கு ஒன்றாகப் பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருகினாள். சுருள் நிம்மதியாக மூச்சுவிட்டது.

விடியும் முன் இருட்டில் சட்டையை மாட்டிக்கொண்டு சேசடிமை புறப்பட்டுப் போனான். அவள் கரையை விட்டு நகரவே இல்லை. மத்தியானம் வானம் கறுக்கத் தொடங்கும்போதே அவன் வள்ளம் மணலில் ஏறியது. சட்டை இரண்டு பக்கமும் பறக்க இறங்கி வந்தான்.

"அலை தூக்கித் தூக்கி அடிச்சுது அக்கா. அப்பவும் ஊதிச்சு" என்றான். பிறகு நெஞ்சைக் குனிந்து பார்த்தான். "பொத்தானத்தான் எந்தக் காக்கா கொத்திச்சுன்னு தெரியல."

ஜெபமலர் அழுகையும் சிரிப்புமாக அவன் சட்டையை இழுத்துச் சேர்த்துப் பிடித்தாள்.

அன்று முதல்தான் சுருள் வைத்த அந்த ஊசி, அதாவது ஸ்பிரிங் பின், அழுத்தினால் தலை குனிகிறது, விட்டால் எழுகிறது. சேர்ந்து உழைக்கும் இரண்டு பலகைகளையும் நடுவில் ஒரு பொத்தான் கனத்துக்கு இடம் விட்டே பூட்டுகிறார்கள்.