யூரியா போட்ட பாத்தி

ஆசிரமத்துக் குரு பொற்கொடியம்மாவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. சீடர் கோதண்டத்துக்கு அது பிடிக்கவே இல்லை. அவர் குருவைவிட வயதில் மூத்தவர், ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். ரோட்டில் வழி கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். இங்கே அதுவும் கிடையாது.

ஒருநாள் பையோடு வந்து நின்றார்.

"கிளம்புறேம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாமி இருக்காராம். கேட்ட உடனே பதில் சொல்றாராம்."

"போங்க ஐயா. போறதுக்கு முன்னாடி உங்க பாத்தியைக் காட்டிட்டுப் போங்க."

ஆசிரமத்துக்குப் பின்னால் சோயா போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பாத்தி. ஒரே விதை. ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர்ப் பொடியைக் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, இரண்டு பேரும் சேர்ந்துதான் விதைத்தார்கள்.

அம்மாவின் பாத்தி சுமார்தான். கோதண்டத்தின் பாத்தி கரும்பச்சை.

"யூரியா போட்டீங்களா?"

"போட்டேன். சின்னச் செடி, வெளுத்துப்போய் நின்னுச்சு. மனசு கேக்கல."

அம்மா தன் செடி ஒன்றைத் தோண்டி எடுத்தார். வேரெல்லாம் மிளகு மிளகாக முடிச்சு. ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே சிவப்பு.

"நாம போட்ட கிருமி இதுக்குள்ளதான் இருக்கு. காத்துல இருந்து சத்து எடுத்துச் செடிக்குக் குடுக்கும். வேலை நடந்தா இப்படிச் சிவக்கும்."

"இன்னைக்கு நிறையப் பேசிட்டீங்க," என்றார் கோதண்டம்.

அம்மா மண்வெட்டியை நீட்டினார். "உங்க செடியை நீங்களே எடுங்க."

எடுத்தார். முடிச்சைத் தேட வேண்டியிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, கடுகு அளவில். பிளந்தால் உள்ளே வெள்ளை.

"ஏம்மா இப்படி? அதே விதைதானே?"

அம்மா பதில் சொல்லவில்லை. வழக்கம்தான்.

கோதண்டத்துக்கு எரிச்சல். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். இரண்டு வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எரிச்சல் மறந்துபோனது. பிடிக்க வேண்டிய பஸ்ஸும் மறந்துபோனது.

"மண்ணுலயே சத்து கிடக்கு," என்றார், யாரிடம் என்றில்லாமல். "அப்புறம் செடி எதுக்குக் கிருமியைக் கூப்பிடப் போகுது?"

சொன்னவர் சட்டென்று அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். தோளிலிருந்த பையை இறக்கி வரப்பில் வைத்தார்.

"போட்ட யூரியாவை இப்ப என்னம்மா செய்றது?"

"தீரட்டும்."

"செடி வெளுத்துடுமே."

"வெளுக்கும். பக்கத்துலயே கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். நான் நிக்கலையா?"