செம்புத் தவலையும் தோசைக்கல்லும்

"என் பொஞ்சாதி கல்நெஞ்சுக்காரி, தாயி. இனி அவகூட இருக்க முடியாது. இங்கேயே உங்க சிஷ்யனா கிடந்துக்கிறேன்."

வந்ததும் வராததுமாக இப்படிச் சொன்னார் பேச்சிமுத்து. ஐம்பதை நெருங்குகிற ஆள். அவர் தாயி என்று கூப்பிட்ட ஆவுடையம்மைக்கு முப்பதுகூட இருக்காது. மலையடிவார மடத்தில் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதுதான் அவளுடைய தவம்.

"அப்படி என்ன செஞ்சாவ, அண்ணாச்சி?"

"எங்க ஒத்தப் பிள்ளை போன மாசம் காய்ச்சல்ல போயிட்டா. ஏழு வயசு. ஊரே கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. நான் மண்ணுல விழுந்து புரண்டேன். அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை!"

"அப்புறம்?"

"பிள்ளையோட பாவாடையைக் கிழிச்சு, அடுப்படியில சட்டி பிடிக்கிற கரித்துணி ஆக்கிட்டா. பெத்தவ செய்யுற காரியமா இது?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பாவம், மனுஷனுக்கு அடக்கவே முடியவில்லை.

ஆவுடையம்மை எழுந்தாள். அடுப்பை மூட்டினாள்.

வெந்நீருக்கு ஏற்றிய செம்புத் தவலை கொஞ்ச நேரத்திலேயே தளதளவென்று சத்தம் போட்டது. இரும்புத் தோசைக்கல் காயத்தான் நேரமாயிற்று.

பந்தி போட்டார்கள். பேச்சிமுத்து நன்றாகவே சாப்பிட்டார். "முறுகலா இன்னொண்ணு போடுங்க, தாயி" என்று கேட்டும் வாங்கினார். பக்கத்து இலைக்காரரோடு மழையைப் பற்றிப் பேசினார். ஒரு தடவை சிரிக்கவும் சிரித்தார்.

எல்லாம் முடிந்தது. ஆவுடையம்மை வெந்நீரைக் கொட்டிவிட்டு, தவலையையும் கல்லையும் இறக்கி வைத்தாள். தீயை அணைத்தாள். இலைகளை எடுத்து, இடத்தைத் துடைத்துவிட்டு வந்தாள்.

"சிஷ்யனா இருக்கேன்னீங்களே, அண்ணாச்சி. அந்த ரெண்டையும் கழுவிடுங்க."

தவலையை வெறுங்கையால் தூக்கினார். எப்போதோ ஆறியிருந்தது. அதே கையால் கல்லையும் பிடித்தார்.

"ஐயோ!"

கல் தரையில் விழுந்தது.

"தீயே இல்லையே, தாயி! கறுப்பா சும்மாதானே கிடந்துச்சு!"

"இரும்பு அப்படித்தான், அண்ணாச்சி."

அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு கொடியில் கிடந்த கரித்துணியை எடுத்து நீட்டினாள்.

"இதால பிடிச்சு எடுங்க."

வாங்கிக்கொண்டார். கல்லை எடுக்கக் குனியவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயி..."

"சொல்லுங்க."

"அவ படுக்கும்போதுகூட அந்தத் துணியைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் படுக்கா."

ஆவுடையம்மை குனிந்து கல்லைத் தானே எடுத்தாள்.

"இருட்டுறதுக்கு முன்னால ஒரு பஸ் இருக்கு, அண்ணாச்சி."